பூக்க விடாத மலைகள்

தேயிலைக்குப் பூக்க அனுமதி கிடையாது. ஏழெட்டு நாளைக்கு ஒரு தடவை நுனி கிள்ளப்படும் செடி, தன் சத்தையெல்லாம் அடுத்த கொழுந்துக்கே செலவழிக்கிறது. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்துக் கத்தி வந்து அதைக் கட்டையாக வெட்டிப் போடுகிறது. இரண்டுக்கும் தப்பி, கவ்வாத்துக்குக் காலம் கடந்துபோன மலையிலோ, கான் ஓரத்தில் கைக்கு எட்டாத கிளையிலோ பூ வந்துவிட்டால் கணக்கப்பிள்ளைக்கு முகம் சுளிக்கும். பூத்த செடி உழைக்காத செடி என்பது தோட்டத்துச் சட்டம்.

குனிந்து பார்த்தால்தான் அந்தப் பூ தெரியும். இலைக் கக்கத்திலிருந்து தலை கவிழ்ந்து தொங்கும். தடித்த வெள்ளை இதழ்கள், நடுவில் நூற்றுக்கணக்கான மஞ்சள் கேசரங்கள், கிட்டப் போனால் மட்டும் எட்டுகிற ஒரு மெல்லிய வாசனை. வெயில் ஏறியபின் பொந்துத் தேனீ ஒன்று வரும். பூவுக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே கேசரங்களைக் கால்களால் வாரிச் சுற்றும்; வெளியே வருகையில் பின்னங்கால் இரண்டிலும் மஞ்சள் உருண்டை ஒட்டியிருக்கும். தேயிலை தன் மகரந்தத்தால் தானே காய் பிடிக்காத செடி. இன்னொரு செடியின் தூள் வேண்டும். அதைக் கொண்டுவர ஒரு பூச்சி வேண்டும். விதைத் தேயிலைக் காலத்தில் விதைக்கென்றே தோட்டத்து மூலையில் சில செடிகளை வெட்டாமல் விட்டிருந்தார்கள். அவை மரமாகி நின்றன. தேனீயும் ஈயும் அவற்றில் வேலை செய்தன. பிறகு தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெட்டுத்துண்டுக் கன்றுகளைப் பரப்பியது. தோட்டத்தில் ‘வீபீ’ என்போம். நல்ல தாய்ச்செடி ஒன்றின் தண்டை நறுக்கித் தவறணையில் வேர்விட வைத்து, மலை முழுக்க அதையே நடுவது. மகரந்தத்துக்கு அங்கே வேலையில்லை. தேயிலை தேனீயிடம் கேட்டிருந்த கடைசி உதவியும் அதோடு முடிந்தது.

காட்டுத் தேனீக்கள் அருகி வருவதைப் பற்றி உலகில் இன்று நிறையப் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். வெப்பம் ஏறுகிறது, நஞ்சு தெளிக்கிறார்கள், காடு குறைகிறது என்று காரணங்கள் வரிசையாக வரும். எல்லாம் சரிதான். ஆனால் பதுளையில் உட்கார்ந்து அதைப் படிக்கிறவனுக்கு, இந்தக் கதை ஏதோ நேற்றுத் தொடங்கியதுபோலச் சொல்லப்படுவது ஒப்பவில்லை. இலங்கையின் ஊவா மாகாணத்துத் தேனீக்களுக்கு உலகம் மாறத் தொடங்கி நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகிறது.

1869. மடுல்சீமையில் கல்லூல என்ற கோப்பித் தோட்டம். இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டு, இலைகளைப் பேராதனைக்கு அனுப்பினார்கள். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அந்தப் பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அது தீவின் கோப்பி முழுவதிலும் பரவிவிட்டது. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்து இரண்டு வருடம் ஆராய்ந்து, மலைக்கு மலை ஒரே செடியை நெருக்கி நட்டதுதான் பூஞ்சணத்துக்கு விருந்தாகிவிட்டது என்று எழுதினார். அதற்குள் துரைமார் கோப்பியைப் பிடுங்கிவிட்டுச் சிங்கோனாவும் தேயிலையும் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். 1890இல் தோமஸ் லிப்டன் வந்து அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கியபோது ஊவா தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்தது.

வரலாற்றுப் புத்தகங்கள் இதைத் துரைமாரின் நட்டமாகவும் பிறகு வந்த இலாபமாகவும் எழுதுகின்றன. நம்மவர்கள் கூலிகளின் கதையாக எழுதியிருக்கிறார்கள்; அது எழுதப்படவேண்டியதுதான். தேனீயின் பக்கத்திலிருந்து பார்த்தால் நடந்தது வேறொன்று. பூவுக்காகவே வாழ்ந்த பயிர் போய், பூவே கூடாத பயிர் வந்தது. கோப்பி காய்க்கப் பூக்கவேண்டும். மழை ஒன்று பெய்து விட்டதும் மலை முழுக்க ஒரே சமயத்தில் வெள்ளை பூத்து, இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும். மல்லிகை வாசம். குடகில் இன்றைக்கும் இந்த நாட்களில் பெருந்தேனீக்கள் கூட்டம் கூட்டமாகக் கோப்பிக்கு வருவதைக் கண்ணால் காணலாம். அங்கே நடந்த ஆய்வுகளில் கோப்பிப் பூவுக்கு வரும் முக்கிய விருந்தாளிகள் அவைதான். கொஸ்தாரிக்காவில் டெய்லர் ரிக்கெட்ஸ் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு, காட்டிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் இருந்த கோப்பிக்கு விளைச்சல் ஐந்தில் ஒரு பங்கு கூடியதைக் காட்டியது. காட்டுத் தேனீ வந்துபோகும் தூரம் அது. கோப்பிப் பூவின் தேனிலேயே கொஞ்சம் கஃபீன் இருக்கிறது என்பதும், அது தேனீக்கு அந்தப் பூவின் மணத்தை நினைவில் பதியவைக்கிறது என்பதும் 2013இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு. காலையில் நாம் குடிப்பதை அவை நமக்கு முன்பே குடித்திருக்கின்றன.

இதைச் சொன்னதும் கோப்பிக் காலம் ஏதோ தேன் வழிந்த காலம் என்று நினைத்துவிடக் கூடாது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் காட்டையும் சேனை நிலத்தையும் அரசுடையது ஆக்கி, பிறகு ஏக்கர் சில ஷில்லிங்குக்குத் துரைமாரிடம் விற்றது. அந்தக் காட்டில் நாவல் இனத்து மரங்களும், வருடம் முழுக்க மாறிமாறிப் பூத்த நூறுவகைக் கொடிகளும் இருந்தன. அதை எரித்துவிட்டுத்தான் மூன்று நாள் பூக்கும் கோப்பியை வைத்தார்கள். பெருந்தேனீக்கு அந்த மூன்று நாள் போதும். வந்து வாரிக்கொண்டு போய்விடும். ஒரு புதரைச் சுற்றியே வாழ்நாளைக் கழிக்கும் சின்னத் தேனீக்களுக்கு மீதி முந்நூற்றறுபது நாளும் பட்டினி. கோப்பி பாதியைப் பறித்தது, தேயிலை மீதியையும் எடுத்துக்கொண்டது என்பதே சரியான கணக்கு.

இன்னொன்றும் தோன்றுகிறது. கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் பழம் பறிக்கும் பருவத்துக்கு மன்னார் வழியாக நடந்து வந்து, பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்குப் பருவமில்லை. வருடம் முழுக்கக் கொழுந்து, வருடம் முழுக்கக் கை. அப்போதுதான் லயங்கள் என்ற வரிசை வீடுகள் நிரந்தரமாயின. 2023இல் ‘மலையகம் 200’ என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் நினைவுகூர்ந்த பாதை அந்தப் போக்குவரத்தின் பாதைதான். பூ நின்ற அதே கால்நூற்றாண்டில் பூவைத் தேடி வந்துபோனவையும், பழத்தைத் தேடி வந்துபோனவர்களும் தங்கள் பழைய வழியை இழந்தார்கள். இதை ஓர் உவமையாகச் சொல்லவில்லை. ஒரே நிலத்தில், ஒரே முடிவால், ஒரே காலத்தில் நடந்த இரண்டு விளைவுகள்.

பெருந்தேனீ என்று நான் சொல்வது பாறையிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றை அடையாகத் தொங்கும் தேனீயை. சிங்களத்தில் பம்பரா. இலங்கையின் மிக உயரமான நீர்வீழ்ச்சி, 263 மீற்றர், ஹல்துமுல்லைப் பக்கம் இருக்கிறது. பம்பரகந்த என்று அதன் பெயரிலேயே இந்தத் தேனீ குடியிருக்கிறது. ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியான தன் நூலில் கண்டி இராச்சியத்துத் தேனீக்களை வகைபிரித்துச் சொல்கையில் பம்பராவையும் சொல்லியிருக்கிறார். ஊவாவின் கிழக்கே பிந்தன்னையில் வேடர்கள் கொடியேணி கட்டிப் பாறை முகப்பில் இறங்கித் தேனெடுத்ததை, 1911இல் வேடர்களைப் பற்றி நூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியர் விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

இந்தத் தேனீ ஓரிடத்தில் இருப்பதில்லை. தாழ்நிலத்தில் பூ குறைந்ததும் அடையைக் கைவிட்டுக் கூட்டத்தோடு மலைக்கு ஏறும். மலையில் குறைந்ததும் இறங்கும். வழியில் மரக்கிளைகளில் சில நாள் தங்கி இளைப்பாறும். ஜெர்மன் ஆய்வாளர்களான கோனிகர் தம்பதியர் இலங்கையிலேயே இந்த இடப்பெயர்வைக் கவனித்து 1980இல் எழுதினார்கள். நிலா வெளிச்சத்தில்கூட இரைதேடப் போகும் தேனீ இது. எல்லாவற்றையும் விட ஆச்சரியம், அடுத்த வருடம் அதே மரத்தின் அதே கிளைக்குத் திரும்பி வருவது. 2000இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, இந்தியாவில் மரபணு அடையாளங்களை வைத்து, பழைய கிளைக்கு வந்தது பழைய கூட்டமேதான் என்று காட்டியது. இடையில் வேலைக்காரத் தேனீக்களின் தலைமுறைகள் பல செத்துப் போயிருக்கும். கிளை எப்படி நினைவிருக்கிறதோ.

ஊவாவில் இந்தப் பயணத்தின் கீழ்முனையாக நில்கலவைச் சொல்லலாம். பிபிலைக்கு அப்பால், மொனராகலை மாவட்டத்தில், புல்லும் தனித்தனி மரமுமாகக் கிடக்கும் நிலம். கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் அங்கே காடாக நிற்கின்றன. திரிபலா சூரணத்தின் மூன்று சரக்கும் ஒரே நிலத்தில். வேங்கையும் உண்டு. இவையெல்லாம் தேனீ நம்பி வாழும் மரங்கள். ஆனால் அதைச் சுற்றிய தாழ்நிலம் என் வாழ்நாளிலேயே மாறிவிட்டது. பெல்வத்தையிலும் செவனகலையிலும் கரும்பு. பிறகு சேனை நிலமெல்லாம் சோளம். 2018இல் ஆபிரிக்கா வழியாக இந்தியாவைத் தாண்டி வந்த படைப்புழு சோளத்தில் விழுந்தது. அந்தப் புழுவின் பூர்வீகம் அமெரிக்கா. அதைக் கொல்லக் கமக்காரர்கள் மருந்தடிக்கத் தொடங்கினார்கள். உலகமயம் என்று நாம் கூட்டங்களில் பேசுவது மொனராகலைக்கு ஒரு புழுவாகவும் ஒரு போத்தலாகவும் வந்து சேர்ந்தது.

மேல்முனையிலும் நிலைமை குழப்பமானது. வெலிமடைக்கும் பண்டாரவளைக்கும் நடுவில் பரந்து கிடந்த பத்தனைப் புல்வெளிகளில் அரசாங்கம் பைனஸ் நட்டது. பைனஸ் காற்றோடு மணம் முடிக்கும் மரம், அதில் தேனில்லை. அதன் ஊசியிலைக்கடியில் ஒன்றும் முளைப்பதுமில்லை. டர்பன்டைன் அப்படியில்லை. யூக்கலிப்டஸைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்கிறோம். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து, ஊற்றுநீரை உறிஞ்சும் மரம் என்று நானும் திட்டியிருக்கிறேன். அது பூக்கும்போது உச்சி முழுக்க இரைச்சலாக இருக்கும். ஊவாவில் பெட்டி வைத்துத் தேனீ வளர்ப்பவர்களின் பெரிய விளைச்சல் அதிலிருந்துதான் வருகிறது. பண்டாரவளையில் பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்பு அபிவிருத்திப் பிரிவு இருப்பதற்கும் இந்த மரங்கள் ஒரு காரணம். (பிந்துனுவெவ என்றதும் தமிழர்க்கு நினைவு வருவது தேனல்ல, 2000 ஒக்டோபரில் அங்கிருந்த புனர்வாழ்வு முகாமில் தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டது. அந்த ஊரின் பெயரை வேறு காரியத்துக்காக எழுதும்போதும் பேனா ஒரு கணம் நிற்கிறது.) கோப்பியைப் பிடுங்கி, காட்டை எரித்து, புல்வெளியை மூடிய கைகளே கொண்டுவந்து வைத்த அந்நிய மரம் இன்று பெருந்தேனீயின் வயிற்றை நிரப்புகிறது. சுதேசி மரம் நல்லது, அந்நிய மரம் கெட்டது என்ற எளிய பாடம் இந்த மலையில் நிற்காது. நிழலுக்கு நட்ட சவுக்கும் (தோட்டத்தில் சில்வர் ஓக்கைத்தான் இப்படிச் சொல்கிறோம்) அவுஸ்திரேலியாதான். அதன் செம்மஞ்சள் பூவிலும் தேன் சொட்டும். பசளைக்கு நட்ட கிளிரிசீடியா மெக்சிக்கோப் பக்கத்து மரம். அதன் ரோஸ் நிறப் பூவை நம்பித்தான் இங்கே கருவண்டு என்னும் மரந்துளைக்கும் தேனீ இருக்கிறது.

தோட்டத்து மக்களுக்கும் காட்டுத் தேனீக்கும் உள்ள உறவு செய்தித்தாளில் எப்படி வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ‘குளவிக் கொட்டுக்கு இலக்காகி தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி.’ எண்ணிக்கையும் தோட்டத்தின் பெயரும் மட்டும் மாறும். சில வேளை மரணம். குளவி என்று எழுதினாலும் பாதி நேரம் அது பெருந்தேனீ. கொட்டுப்பட்டவரின் தலைமயிரை விலக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தேனீயென்றால் கொடுக்கு, நச்சுப்பையோடு தோலில் குத்தி நிற்கும், துடித்துக்கொண்டே நஞ்சை இறக்கும். நகத்தால் சட்டென்று சுரண்டி எடுத்துவிட வேண்டும், தாமதிக்கக் கூடாது. குளவியென்றால் கொடுக்கு இராது. கொட்டிவிட்டு மறுபடி கொட்டும். தேனீ கொட்டிய இடத்திலிருந்து கிளம்பும் வாசம் மற்றத் தேனீக்களை அதே இடத்துக்கு அழைக்கும். வாழைப்பழ வாசம் மாதிரி இருக்கும் என்பார்கள். ஓடினாலும் விடாது. ஓடத்தான் முடியுமா? செங்குத்தான மலை, இடுப்புவரை தேயிலை, இடுப்பில் இறுக்கிச் சுற்றிய படங்கு, முதுகில் கூடை.

தேனீக்கு நம்மேல் பகை ஒன்றும் கிடையாது. தேன்பருந்து வந்து அடையைக் குத்தும், அல்லது பலத்த காற்றில் கிளை ஆடும். எதிரி வருகையில் அடையின் மேல் தேனீக்கள் வரிசையாக வயிற்றைத் தூக்கி அலை எழுப்புவதைத் தூரத்திலிருந்து பார்க்கலாம். குளவியை விரட்டும் தந்திரம் அது. அலை போதாதபோது கூட்டம் இறங்கும். இறங்கும்போது கீழே நிற்பது கொழுந்துக் கூட்டம். காடு இருந்த காலத்தில் அந்த அடை காட்டு மரத்தில் தொங்கியிருக்கும். இன்றைக்கு ஊவாவில் உயரமான மரம் என்றால் தோட்டத்து டர்பன்டைனும் சவுக்கும்தான். பெருந்தேனீயும் கொழுந்தெடுக்கும் பெண்ணும் ஒரே மரத்தின் மேலும் கீழுமாகக் கொண்டுவரப்பட்டிருக்கிறார்கள். வேலையில் காயப்படுகிறவர்களுக்கு 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. தேனீயைக் காப்பாற்றுவோம் என்று கொழும்பில் கருத்தரங்கு வைக்கிறவர்கள் அந்தப் பெண்ணின் நட்டஈட்டிலிருந்து பேச்சைத் தொடங்கினால், மலையில் அவர்கள் சொல்வதற்குக் காது கொடுக்க ஆளிருக்கும்.

பெருந்தேனீ கண்ணில் படுவதால் அதைப் பற்றியே நீட்டிவிட்டேன். இலங்கையில் ஏறத்தாழ 150 வகைத் தேனீக்கள் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஜயந்தி எதிரிசிங்ஹவும் இனோகா கருணாரத்னவும் பல வருடம் உழைத்து அவற்றைப் பட்டியலிட்டார்கள். பெரும்பாலானவை கூட்டமாக வாழாதவை, தேன் சேர்க்காதவை, யாரையும் தேடிவந்து கொட்டாதவை. தோட்டப் பாதை வெட்டிய செம்மண் சுவரில் பென்சில் நுழையும் அளவு ஓட்டைகள் தெரிந்தால் அது அவற்றின் வீடு. லயத்துக் கூரை வளையில் வட்டமாகத் துளைபோட்டு, கீழே பாயில் மரத்தூள் கொட்டுவது கருவண்டு. கத்தரிப் பூவின் மகரந்தம் நுனித்துளை வழியாகத்தான் வெளிவரும். தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து உதிர்க்க வேண்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டுக்கும் நீலப்பட்டைத் தேனீக்கும் தெரியும். லயத்துக்குப் பின்னால் நாலு கத்தரிச் செடி நன்றாகக் காய்ப்பதில் இவர்களுக்குப் பங்குண்டு.

பழைய லயங்களின் கருங்கல் சுவர்களில், முக்கியமாகப் பசறை, ஹாலிஎலைப் போன்ற தாழ்ந்த பகுதிகளில், கொசுத்தேனீ குடியிருக்கும். காரை பெயர்ந்த இடுக்கிலிருந்து சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பிசின் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாசலில் ஏழெட்டுக் காவலாளிகள், எறும்பளவுதான். மாலையானால் குழாயின் வாயை ஒடுக்கிவிடும். சில இனங்களில் அப்படி மூடுவதும் உண்டு. பிள்ளைகள் ஈர்க்கால் குத்தி அதன் புளித்த தேனை நக்குவார்கள்; பாட்டிமார் கண்ணுக்கும் தொண்டைக்கும் அதை எடுத்து வைப்பார்கள். லயங்கள் இடியவேண்டியவைதான். நூறு வருடத்துக்கு மேல் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் வாழ்ந்தவர்களுக்கு அவற்றின்மேல் ஏக்கம் பாடத் தேவையில்லை. ஆனால் சீமெந்துக் கல் சுவரில் கொசுத்தேனீக்கு இடுக்கு கிடையாது என்பதும் உண்மை.

களைநாசினி விடயத்திலும் நமக்கு ஒரு பரிசோதனையே நடந்தது. அதை யாரும் பரிசோதனை என்று நினைக்கவில்லை. 2015 ஜூனில் கிளைபோசேற்றைத் தடைசெய்தார்கள். சிறுநீரக நோய்க்குப் பயந்து எடுத்த முடிவு. 2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மறுபடி அனுமதித்தார்கள். நடுவில் மூன்று வருடம் தேயிலைக்கு அடியில் புல் தலையெடுத்தது. தும்பை, தொட்டாச்சிணுங்கி, வெட்டுக்காயப் பூண்டு எல்லாம் பூத்தன. தேயிலை பூக்காத மலையில் பூவென்று சொல்லக் கிடைப்பது இந்தக் களைதான். அதே மூன்று வருடம் பெண்கள் சுரண்டியோடு முழங்காலில் நின்று அட்டைக்கடி வாங்கி அந்தப் பூக்களைப் பிடுங்கினார்கள். தேனீக்கு நல்லதெல்லாம் நமக்கும் நல்லது என்று மேடையில் சொல்வது சுலபம். அதே 2018இல், கிளைபோசேற் தேனீயின் குடலிலுள்ள நல்ல கிருமிகளைக் குலைக்கிறது என்று அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. பூவைக் கொல்வது ஒரு பக்கம், பூவைத் தேடிவருபவனின் வயிறு இன்னொரு பக்கம்.

இதற்கெல்லாம் மேல்தான் வெப்பமாதல் வந்து உட்காருகிறது. உலகத் தேனீப் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்த சட்டாரா, ஐசன் என்ற இருவர், 2006க்கும் 2015க்கும் இடையில் பதிவான தேனீ இனங்கள் 1990க்கு முன் பதிவானவற்றைவிடக் கால்பங்கு குறைவு என்று 2021இல் எழுதினார்கள். எனக்கு அதைவிடத் திகிலாக இருந்தது 2016இல் வந்த ஒரு சின்ன ஆய்வு. வட அமெரிக்காவில் பொன்கோல் என்று சொல்லத்தக்க ஒரு மஞ்சள் பூ; தேனீக்களுக்குக் குளிருக்கு முந்திய கடைசிச் சாப்பாடு. 1842 முதல் அருங்காட்சியகத்தில் காயவைத்து ஒட்டி வைத்திருந்த அதன் பூக்களை எடுத்து மகரந்தத்தின் புரதத்தை அளந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. காற்றில் கரியமிலவாயு ஏறஏறப் புரதம் இறங்கியிருக்கிறது. பூ இருக்கிறது, தேனீயும் வருகிறது, தட்டில் சோறும் இருக்கிறது, சோற்றில் சத்தில்லை. லயத்துப் பிள்ளைகளின் போசாக்கைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டவர்களுக்கு இது புரியும்.

ஊவாவின் வானிலைக்கு ஒரு தனிக்கணக்கு உண்டு. தென்மேற்குப் பருவமழை மத்திய மலையின் மறுபக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, ஆடி ஆவணியில் இந்தப் பக்கம் வெறும் காற்றாக இறங்கும். கச்சான். அந்த வறட்சியில் செடி படும் அவதிதான் ஊவாத் தேயிலையின் பேர்பெற்ற வாசனை; அதற்குத்தான் ஏலத்தில் விலை. அந்த மாதங்களில் பத்தனைப் புல் தீப்பிடிக்கும். எல்லப் பக்கமும் அப்புத்தளைப் பக்கமும் வருடா வருடம் மலை கருகுவது புதிதல்ல. மழை தன் தவணையில் வராமல், வந்தால் ஒரேயடியாய்க் கொட்டுவதுதான் இப்போதைய நிலை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தில் மலைகளைச் சரித்து மனிதர்களைப் புதைத்தது. அதற்கு முன் 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை மண்சரிவு. அப்படிப்பட்ட நாட்களில் தேனீயைப் பற்றி நினைக்க யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. ஆனாலும் மண்சுவரில் துளையிட்டு வாழும் தேனீக்கள் அந்தச் சரிவோடு போனவைதான்.

பெருந்தேனீக்குச் சிறகு இருக்கிறது, இடம் மாறப் பழக்கம் இருக்கிறது. பூ தவணை மாறினாலும் கொஞ்சம் அலைந்து பிடித்துக்கொள்ளும். தனித்தேனீக்களில் பெரும்பாலானவை கூட்டிலிருந்து சில நூறு மீற்றருக்கு மேல் போகாதவை. அவற்றுக்குத் தெரிந்த உலகம் ஒரு கான், ஒரு மண்சுவர், ஒரு வேலி. அங்கே பூ இரண்டு வாரம் பிந்தினால் அந்த வருடச் சந்ததி இல்லை. குறிஞ்சியைப் போலக் காத்திருக்கவும் அவற்றால் முடியாது. ஹோட்டன் சமவெளியில் நெலு என்னும் நம் குறிஞ்சியின் உறவு 2013இல் கூட்டமாகப் பூத்துக் காய்த்து மடிந்தது; பன்னிரண்டு வருடத் தவணை. நெடுநாள் எண்ணி ஒரே நேரத்தில் பூக்கும் செடிக்கு அந்தப் பருவம் மழையில் ஊறிப்போனால் திரும்பச் சந்தர்ப்பம் இல்லை. 2018இல் மூணாறில் நீலக்குறிஞ்சிப் பருவத்தில் கேரளத்தின் பெருவெள்ளம் வந்ததை அங்கே போகப் பயணச்சீட்டு எடுத்திருந்தவர்கள் அறிவார்கள்.

இந்த மலையில் பூவுக்கு இடமுள்ள ஒரு துண்டு இப்போது புதிதாகக் கிடைத்திருக்கிறது. தோட்டத்துக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் வீடும். ஏழு பேர்ச்சஸ் என்றால் ஏறக்குறைய 177 சதுர மீற்றர். இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 550 சதுர அடி வீட்டைக் கழித்தால், வாசலும் வேலியும் போக ஒரு சின்னத் தோட்டத்துக்கு இடமிருக்கும். பதுளைப் பக்கத்தில் அப்படிப்பட்ட குடியிருப்புகளில் பூசணி ஏறியிருக்கிறது, பயிற்றை, சௌசௌ, மிளகாய், செவ்வந்தி, துளசி. ஏழு பேர்ச்சஸ் போதுமா என்ற அரசியலில் எனக்கு ஐயமில்லை, போதாது. இருநூறு வருட உழைப்புக்கு அது கூலியல்ல. ஆயினும் கம்பெனி விதித்த பயிரை நடாமல், அவரவர் விரும்பியதை நட்டுப் பூக்கவிடும் உரிமை இந்தச் சமூகத்துக்கு முதல்முறையாக அந்த 177 சதுர மீற்றரில்தான் கிடைத்திருக்கிறது. பூசணியின் ஆண்பூவும் பெண்பூவும் வேறுவேறு. விடிந்து சில மணிநேரத்துக்குள் ஒரு தேனீ வந்து போகவேண்டும், இல்லாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி விழும். வீட்டுக்காரம்மாவுக்கு அது தெரியும். அதனால் பூசணிக் கொடிக்குக் காலையில் மருந்தடிக்க விடமாட்டார்.

பெருந்தேனீ அதே கிளைக்குத் திரும்பும் என்ற ஆய்வைப் பற்றி, வேலை முடிந்து பீலிக்கரையில் கால் கழுவிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் ஒருநாள் சொன்னேன். எந்த மரத்தில் எந்த மாதம் வரும் என்று தெரிந்தால், தோட்டத்து வரைபடத்தில் அந்த மரத்தைக் குறித்துவைத்து, அந்தச் சில வாரம் அந்த மலையில் கொழுந்தெடுக்க ஆள் விடாமல் இருக்கலாமே என்பது என் யோசனை. அவர் சிரித்தார். “இதுக்கு வெள்ளக்காரன் படிச்சுச் சொல்லணுமா தம்பி? பதினொண்ணாம் நம்பர் மலையில, பெரிய கானுக்கு மேல நிக்கிற சவுக்கு. வருஷா வருஷம் அதுலதான். எங்க அம்மா காலத்துலயும் அதுலதான்.”

“அப்ப தொரைக்கிட்ட சொல்லலாமே அக்கா?”

“சொன்னா மரத்த வெட்டிருவாங்க. நாங்க அதுக்குக் கீழதான் தேத்தண்ணி குடிக்கிறது.”